நிவேதா மொழிபெயர்க்காமல் விட்டது

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனேன். சம்பளம் இல்லாத வேலை. திரும்பி வந்த பிறகு எதிலும் மனசு ஓடவில்லை. இன்னும் ஓடவில்லை.

வளைகுடாவில் நாங்கள் இருக்கும் குதைபியாவில் எங்களுக்குக் கீழ் பிளாட்டில் சாந்தி இருக்கிறாள். பட்டுக்கோட்டைப் பக்கம். கணவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். மகள் நிவேதா பத்தாம் வகுப்பு. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னதே சாந்திதான்.)

சாந்திக்கு இங்கிலீஷ் வராது. வராவிட்டால் என்ன, நிவேதா இருக்கிறாளே. ஆஸ்பத்திரி, பேங்க், பிளாட் ஓனரிடம் தகராறு… எல்லாவற்றுக்கும் அவள்தான் அம்மாவின் வாய். வளைகுடாவில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. "எம் பொண்ணு இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவா" என்று பெருமை வேறு.

இந்தத் தடவை பள்ளி கவுன்சலர் நிவேதாவின் அப்பாவுக்கே போன் செய்து, இங்கிலீஷ் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு சைட்டில் லீவு இல்லை. "அக்கா, நீங்க கொஞ்சம் வர்றீங்களா? மார்க்கு கொறஞ்சிருக்கும் போல" என்றாள் சாந்தி.

கவுன்சலர் கோவாக்காரர். நிவேதாவும் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். எடுத்த எடுப்பில், "போன முறை சொன்னேனே, டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

"இல்லைக்கா. சத்துக் கொறச்சல்னுதானே சொன்னாங்க? பேரீச்சம்பழமும் டானிக்கும் வாங்கிக் குடுத்துட்டுதான் இருக்கேன்."

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கவுன்சலர் முகம் வெளுத்துவிட்டது.

"சத்துக் குறைவா? உங்கள் மகளுக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றல்லவா சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்களே…"

புரிகிறதா உங்களுக்கு? அன்றைக்கு நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவள் நிவேதா. தன் உயிரைப் பற்றிய பேச்சை அம்மாவுக்குப் பேரீச்சம்பழமாக மாற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு குழந்தையிடம் அந்த வேலையைக் கொடுத்த பள்ளி மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். நிவேதா என்னைப் பார்த்து இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். அம்மா பயந்துவிடுவாள். அப்பா ஏற்கெனவே வெயிலில் சாகிறார். தனக்காகத்தான் இருவரும் இங்கே கஷ்டப்படுகிறார்கள். தான் இல்லாவிட்டால் ஊருக்குப் போய் நிம்மதியாக இருப்பார்கள்.

"என்னக்கா சொல்றா?" என்றாள் சாந்தி.

ஒரு நிமிஷம் எனக்கும் பேரீச்சம்பழம்தான் நாக்கில் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, அவள் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன்.

"உனக்காகத்தான் இந்த வெயிலில் கிடக்கிறோம்" — இதைச் சொல்லாத வீடு இங்கே உண்டா? பாசத்தில்தான் சொல்கிறோம். படி என்பதற்கும், போனை வை என்பதற்கும், வெளியே போகாதே என்பதற்கும் இதுதான் காரணம். எதிர்த்துப் பேசுகிற பிள்ளை கத்தித் தீர்த்துக்கொள்ளும். வாயில்லாப் பூச்சி என்று நாம் மெச்சுகிற பெண் என்ன செய்வாள்? தன்னையே பாரமாக நினைத்துக்கொள்கிறாள்.

சாந்தி முதலில் சொன்னது என்னை இன்னும் உலுக்கியது. "அக்கா, இது வெளிய தெரிய வேணாம். நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் காட்சின்னு…"

"மொதல்ல புள்ள இருக்கட்டும், சாந்தி" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன்.

சாந்தி நாற்காலியை மகள் பக்கம் திருப்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா, பாப்பா?"

நான் ஆடிப்போனேன். பெற்றவள் இப்படிக் கேட்பாளா?

"ஆமாம்மா" என்றாள் நிவேதா. தமிழில்.

"இப்பவுமா?"

"சில நேரம்."

திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். இல்லை. "சரி. இனிமே தோணுறப்ப எங்கிட்ட வந்து சொல்லு. நான் பயப்பட மாட்டேன். நீ இல்லாம நாங்க எந்த ஊருக்குப் போயி நிம்மதியா இருக்கிறது?" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. என்னிடம் திரும்பி, "எந்த டாக்டர்னு கேளுங்கக்கா. இன்னிக்கே போயிருவோம்" என்றாள்.

அன்றே போனார்கள். அப்பாவும் பாதி டியூட்டியில் ஓடி வந்துவிட்டார். சிகிச்சை தொடங்கியிருக்கிறது; சரியாக நாளாகும் என்கிறார்கள். வீட்டில் அவளைத் தனியாக விடுவதில்லை.

அன்று பள்ளியை விட்டு வெளியே வரும்போது கவுன்சலரிடம் கேட்டேன் — இப்படி நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடாதா? வராது என்றார். கேட்காமல் இருப்பதுதான் ஆபத்தாம்.

உங்கள் வீட்டில் யாருக்கும் தொந்தரவு தராத தங்கமான பிள்ளை ஒன்று கொஞ்ச நாளாக வாடியிருக்கிறதா? இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். நடுங்குவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.