ஆறு எண்களும் ஒரு கொசுவமும்

கீறல் விழுந்த இந்த போனை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று துருவித் துருவிக் கேட்கிறாயே, உன் வீட்டு அடுப்பில் எதுவும் வேகவில்லையா? வம்பு கேட்பதற்கென்றே காது வளர்த்து வைத்திருக்கிறாய். சரி, உட்கார். கேட்டுவிட்டு, கிழவிக்கு இவ்வளவு கெட்ட மனசா என்று சொல்லக் கூடாது.

கொண்டாப்பூரில் ஒரு மேடம் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பெண்கள் பட்டுப்புடவை கொண்டுவந்து கொடுப்பார்கள். கொசுவமும் முந்தானையும் மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்திப் பெட்டியில் வைத்துத் தருவோம்; எடுத்து அப்படியே சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். தருவோம் என்றால் நான்தான். கடைக்கு இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்த அன்று, மேடத்தின் நம்பரில் ஏற்கெனவே வேறு ஏதோ பக்கம் இருந்ததாம். "உங்க நம்பர் குடுங்கம்மா, சும்மா பேருக்குத்தான்" என்றார். கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் என் முகம் வந்ததே இல்லை. என் கைகள் மட்டும் வரும், மயில்கழுத்துப் பட்டை விசிறி மாதிரி மடித்துக்கொண்டு. அதைப் பார்த்துத்தான் கூட்டம் சேர்ந்தது.

பிறகு நகத்துக்குச் சாயம் பூசிய ஒரு சின்னப் பெண்ணை மேடம் கூட்டிவந்தார். வேலை போனதுகூடப் பெரிதில்லை, போகச் சொன்ன விதம்தான். "தப்பா நினைக்காதீங்கம்மா. சுருக்கம் எடுக்கற கடையில சுருங்கின கையைக் காட்டினா நல்லாவா இருக்கு?" அந்தப் பெண் சிரித்தாள். நானும் கூடச் சிரித்துவிட்டு, மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பக்கத்திலிருந்து என் கை வந்த வீடியோக்களை மட்டும் அவர் நீக்கவில்லை. கூட்டம் வேண்டுமே.

கல்யாண முகூர்த்தங்கள் தொடங்கிய வாரம், கடை போன் தண்ணீர் வாளியில் விழுந்து செத்தது. புது போனில் பக்கத்தைத் திறந்தால் ஆறு எண்கள் கேட்டது. அவை வந்ததோ என் போனுக்கு. மேடம் கூப்பிட்டார். "வந்துச்சு மேடம், கண்ணாடியைத் தேடறேன்" என்றேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. தேடி முடிப்பதற்குள் அந்த எண் செல்லாமல் போயிற்று. மறுநாள் போனை அணைத்து வைத்தேன். அதற்கு மறுநாள் ஆறில் ஐந்தைச் சரியாகப் படித்தேன். கல்யாணப் பெண்கள் அனுப்பிய செய்தியெல்லாம் உள்ளேயே பூட்டிக் கிடந்தது.

நாலாம் நாள் ஏ.எஸ்.ராவ் நகரில் என் வீட்டு வாசலில் கார் நின்றது. "இந்த விளையாட்டு நக்கோம்மா, வேணாம்மா. என் பொழப்பே அதுதான்" என்றார் மேடம், கண் கலங்கி.

"எனக்கும் அதுதான் மேடம் பொழப்பா இருந்துச்சு."

பீரோவிலிருந்து என் கல்யாணப் பட்டை எடுத்து அவர் மடியில் போட்டேன். "உங்க கை அழகான கை. ஒரு கொசுவம் மடிங்க, பேத்தி படம் பிடிப்பா. அதைப் பக்கத்துல போடுங்க, என் கையை எல்லாம் எடுத்துடுங்க. என் கண்ணு முன்னாடியே செய்யறதா இருந்தா நம்பர் சொல்றேன்."

மடித்தார். ஒரு மடிப்பு சாண் அகலம், அடுத்தது விரல் அகலம்; மூன்றாவது நழுவித் தரையில் விழுந்தது. தமிழ் புரிந்தாலும் பேசாத என் பேத்தி, "பாட்டி, யே க்யா ஹை?" என்று, இது என்னவென்று இந்தியில் கேட்டே விட்டாள். அன்றைக்கு எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். வழுக்கி விழுந்த கொசுவம் பக்கத்தில் ஏறியது. என் கைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதைப் பார்க்கக் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வந்த அவசரத்தில் மேடம் நம்பரை மாற்ற மறந்துவிட்டார். எப்போதாவது இந்தக் கீறல் கண்ணாடியில் ஆறு எண்கள் வந்து எட்டிப் பார்க்கும். அதற்காகத்தான் தூக்கிப் போடவில்லை, போதுமா?

காரில் வந்தது யாரென்று அன்றைக்குக் கீழ்வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். வேலை கேட்டு வந்த பெண் என்றேன். கை அழகுதான், மடிக்கத்தான் வரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன் என்றேன்.