நான் அழித்த நான்கு மணித்தியாலம்

"தம்பி, சேர்ட குரல் உங்களிட்ட இரிக்கா?"

போன செவ்வாய்க்கிழமை காலையில் போன். பேசியவர் சந்திரா அக்கா. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் மொழியியல் படிப்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியரின் மனைவி. நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் அவரை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் இதே பத்திரிகைக்காக அவரை நான் பேட்டி கண்டேன். இரண்டு முழுப் பக்கம்!

சேருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுத்தான் திரும்பவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பிள்ளை, சேர் முன்பு பேசிய பதிவு ஏதாவது இருந்தால் உதவியாக இருக்கும் என்றாராம். அக்காவுக்கு உடனே என் நினைப்பு வந்திருக்கிறது. நான்கு மணித்தியாலம் அவரைப் பேச வைத்தவன் நான்தானே?

"ஓம் அக்கா, தேடிப் பார்த்திட்டு நானே வாறன்" என்றேன்.

தேட ஒன்றுமில்லை. அது எனக்குத் தெரியும். பேட்டி அச்சில் வந்த மறுநாளே பதிவை அழித்துவிட்டேன். மருமகளின் கல்யாண வீடியோவுக்குப் போனில் இடம் போதவில்லை... அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலை செய்பவர்களின் பேச்சைப் பதிவு செய்வதுதான் சேரின் ஆய்வு. அன்று அவர் சொன்னதில் ஒரு துண்டு மட்டும் எனக்கு அப்படியே ஞாபகம்.

"சொல்லுகள மட்டும் பிடுங்கி எடுத்தா அது ஆய்வில்ல தம்பி. ஆள் எங்க நிப்பாட்டினார், எங்க சிரிச்சார்... அதுவும் பதில்தான். பேச்சத் திருத்தினா ஆளையே திருத்தின மாதிரி. என்ட கதையையும் திருத்தாமப் போடுங்க."

நான் என்ன செய்தேன்? ஒரு பேராசிரியர் பத்திரிகையில் இப்படிப் பேசலாமா என்று அவருக்காக நான் வெட்கப்பட்டேன். அச்சில் வந்தது இது: 'உரையைத் திருத்துதல் உரைப்பவரையே திருத்துதலாகும்.' போதாததற்கு அதையே கொட்டை எழுத்தில் தலைப்பாகவும் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று கடிதங்கள் வந்தன. சேர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை செட்டிபாளையத்தில் சேரின் வீட்டுக்குப் போனேன். சேர் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். பழைய பத்திரிகையை நீட்டினேன்.

"அது என்னட்டயும் இரிக்கு தம்பி. வாசிச்சுக் காட்டினன். வேற ஆரோட கதையையோ கேக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டு இருந்தார்."

அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வீட்டு வீடியோ ஒண்டும் இல்லையா அக்கா?"

"எல்லாம் இவர் எடுத்ததுதானே. ஒண்டிலயும் இவர் இல்ல."

"சேர்ட ஆய்வுப் பதிவுகள்?"

அக்கா லப்டொப்பைத் திறந்தார். வருடக்கணக்கான பதிவுகள். ஒன்றைப் போட்டார். வயசான ஒருவர் வாய்க்கால் தண்ணீர் பற்றிச் சொல்கிறார். சிரிக்கிறார், இருமுகிறார். பிறகு சத்தமே இல்லை. அந்த இடைவெளியில், தூரத்தில் இருந்து மெதுவாக ஒரு குரல்:

"ஓம்... சொல்லுங்க."

சேர்! அவ்வளவுதான், மறுபடியும் அந்த வயசாளியின் பேச்சு. அக்கா அடுத்ததைப் போட்டார். ஒரு பெண் களை பிடுங்கிய கதை சொல்கிறார். நிறுத்துகிறார். "ஓம்... சொல்லுங்க."

"எல்லாத்திலயும் இதுதான் தம்பி. நானும் தேடித் தேடிப் பார்த்திட்டன்."

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பேச இடம் விட்ட மனிதர். அவரே வாய் திறந்து நான்கு மணித்தியாலம் பேசியது ஒரே ஒரு தடவை. அதுவும் என்னை நம்பி. அதை நான் என்ன செய்தேன் என்று இனி யாரிடம் சொல்லி அழ?

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட உள்ளே போனார். லப்டொப் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடியும் அந்தக் குரல் வந்தபோது சேரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவில் அவருடைய குரல்:

"ஓம்... சொல்லுங்க."

சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, சேர்.