திருமழபாடிக்கு ஒரு சாப்பாடு

துபாயில் பழைய கடைத்தெருப் பக்கம், ஒரு சந்துக்குள் இருந்த சின்ன ஓட்டலில் ஆறு வருஷம் கவுண்டரில் நின்றவன் நான். முதலாளி லப்பைக்குடிக்காட்டு பாய். ஒரு மாத வாடகையைக் கேட்டாலே தலை சுற்றுகிற அந்த நகரத்தில், எங்கள் கடையில் மட்டும் கூலிக்கு வந்தவனும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து போகலாம். சர்வர் கிடையாது. கவுண்டரில் காசைக் கொடுத்து வேண்டியதைச் சொல்ல வேண்டும், தயாரானதும் கூப்பிடுவோம், தட்டை வாங்கிப்போய் நின்றபடி சாப்பிட வேண்டியதுதான்.

எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் வம்பே. முன்பு பிளாஸ்டிக் டோக்கன் இருந்ததாம். பாதியை ஜனங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரே பேரில் நாலு பேர் வந்து நின்றார்கள். கடைசியில் பாய் ஊர்ப்பேருக்கு வந்து சேர்ந்தார். "பாடாலூர், பரோட்டா ரெடி!" "எறையூர், டீ எடுத்துக்கங்க!" என்று நான் போடும் சத்தம் சந்து முனை வரை கேட்கும். எப்போதாவது ஒரு ஊருக்கு இரண்டு பேர் வந்துவிட்டால், சிரித்து, விசாரித்து, அங்கேயே சொந்தமாகிவிடுவார்கள். அதெல்லாம் என் சாமர்த்தியம் என்று எனக்கு நினைப்பு.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊர் என்றால் "திருச்சி பக்கம்" என்பார்கள். பெரம்பலூரும் அரியலூரும் தனி மாவட்டமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, வாயில் மட்டும் இன்னும் திருச்சிதான். நான் அரியலூர்க்காரன். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்த ஊரைச் சொல்ல என்ன கேடு? துருவித் துருவி ஊரை வாங்காமல் விடமாட்டேன்.

புதிதாக வரத் தொடங்கிய ஒருவரும் திருச்சி என்றுதான் சொன்னார். முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் மதியம் தேய்த்த சட்டையும் கையில் ஒரு ஃபைலுமாக வருவார். மீன்குழம்புச் சாப்பாடு ஒன்று வாங்கிக் கடைசி மேசையில் சுவரைப் பார்த்து நின்று சாப்பிடுவார். அவருக்கு வேலை போய் மூன்று மாதமாகியிருந்தது. ஊரில் மனைவிக்கு ஏழாம் மாதம். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. தெரிவதற்குள் இன்னொரு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும், அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, இந்த ஆள் ஊரை மறைக்கிறார் என்பது மட்டும்.

"கொள்ளிடத்துக்கு அந்தாண்டையா இந்தாண்டையா, அதையாவது சொல்லுங்க" என்றேன் ஒருநாள்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தாண்டதாங்க. திருமழபாடி."

"அட, நம்ம மாவட்டம்ங்க!"

"நீங்க திருச்சின்னே கூப்புடுங்க. போதும்."

ஊரைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கோபம்தான் வந்தது. மறுநாள் கூட்டம் நெரியும் நேரத்தில் வேண்டுமென்றே அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"திருமழபாடி! மீன்கொழம்பு சாப்பாடு ஒண்ணு!"

கடைசி மேசையிலிருந்து அவர் வந்தார். கூட்ட நெரிசலில் திருச்சி என்று மட்டும் சொல்லி டீ வாங்கி வாசல் பக்கம் குடித்துக்கொண்டிருந்த ஒருவரும், தன் ஊர்ப்பேர் கேட்ட சந்தோஷத்தில், கிளாசோடு வந்துவிட்டார். இருவரும் கவுண்டர் முன்னால் முகத்துக்கு முகம் நின்றார்கள். வந்தவர் அவர் மனைவியின் அண்ணன். அபுதாபியில் வேலை, ஏதோ காரியமாக அன்று துபாய் வந்திருக்கிறார்.

"மாப்ள! ஆபீஸ் ஷார்ஜாவுலல்ல? இந்நேரத்துல இங்க என்ன பண்றீங்க?"

"இன்னைக்கி லீவு மச்சான். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

மச்சான் தலையாட்டினார். நம்பிவிட்டார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"லீவா? சாரு டெய்லி மத்தியானம் இங்கதாங்க! மூணு மாசமா நம்ம கட சாப்பாடுதான். அந்தக் கடைசி மேச அவரு மேச!"

கடையின் பெருமையைத்தான் சொன்னேன், சத்தியமாக. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் அடுத்தவர் கெட்டார். மச்சான் அந்த ஃபைலைப் பார்த்தார், பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். "சாப்புடுங்க மாப்ள, ஆறிடும்" என்று தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மச்சான் மட்டும் வந்தார். விஷயம் முழுவதையும் அவர்தான் சொன்னார். "தங்கச்சி போன்ல அழுவுது. வந்துடச் சொல்லிட்டோம். டிக்கெட் போட்டாச்சு." பாய் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் நம்பர் போட்ட டோக்கன் கட்டு வந்து இறங்கியது. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருஷம் லீவில் வந்தபோது மனசு கேட்காமல் அரியலூரில் பஸ் ஏறித் திருமழபாடிக்குப் போனேன். துபாயிலிருந்து திரும்பி வந்தவர் என்றதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். இப்போது அவருக்கு ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிற வேலை. என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு, "வாங்க, சாப்புட்டுட்டுத்தான் போவணும்" என்றார். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளை விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.

மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்து பரிமாறினார். நான் யார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானாண்ணே அது! உங்களுக்குக் கோடிப் புண்ணியம். நீங்க மட்டும் சொல்லலன்னா இவரு புள்ள மொகத்த போன்லதான் பாத்துருப்பாரு. பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னாருண்ணே."

ஒரு வருஷத்துச் சுமை அப்படியே இறங்கியது. அந்தப் பெண்ணை விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. அவர் மட்டும் தலை நிமிரவில்லை. சோறு எடுக்க மனைவி உள்ளே போனதும் இலையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"ஊருக்கு வந்த எட்டாம் நாளு போன் வந்துச்சுங்க. கடைசியா இண்டர்வியூ போன கம்பெனி. வேல போட்டுட்டேன், ஒடனே வந்து சேருன்னான். போவலாம்னுதான் நெனச்சேன். வாசல்ல இவ நின்ன நெலமயப் பாத்து வரமுடியாதுன்னுட்டேன்."

"வூட்டுல தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா தன்னாலதான்னு நெனப்பா. யாருகிட்டயும் சொல்லல."

போயும் போயும் என்னிடம் சொல்கிறாரே! அதற்குள் மனைவி சோற்றுக்கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசிக்கிறீங்க?"

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்லம்மா. கொழம்பு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

குழம்பில் உப்பே இல்லை. அதையும் நான் சொல்லவில்லை.