நான் வெட்டிய அரை நிமிடம்

பாஸ்டர் ஞானசிகாமணி காலமான செய்தியை டிவி மேலாளர்தான் போனில் சொன்னார். "பாஸ்டர் போயிட்டாகப்பா. அடக்க ஆராதனைக்கு ஒரு அஞ்சலி வீடியோ போட்டுக் குடு. அந்த ஆமத்தூர் பேச்சு மட்டும் வேண்டாம்." சிவகாசி லோக்கல் டிவியில் அவருடைய நிகழ்ச்சிக்கு ஆரம்பத்திலிருந்தே எடிட்டர் நான்தான். எதை வெட்டுவது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டுமா!

அவருக்கு வாய் அடங்காது, உங்களுக்குத் தெரியாததா? இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்துபோகிறவர்களை ஒருமுறை டிவியில் கேலி செய்து, போலீஸ் ஸ்டேஷன்வரை போனார். மறு வருடம் அதே சாலையில் நின்று அவர்களுக்கு மோர் ஊற்றினார். "வாய் செஞ்ச தப்புக்குக் கைதாம்லே வேலை செய்யணும்" என்றார்.

ஆமத்தூர் கதை வேறு. பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களுக்காக அங்கே ஜெபக்கூட்டம். "இது கர்த்தரோட சித்தம். இப்படிச் சொல்லிட்டு நானும் வீட்டுக்குப் போயிரலாம். நாலு பேர் இருக்க வேண்டிய ரூம்ல பத்துப் பேர அடைச்சு வச்சது யாரு சித்தம்?" என்று கேட்டார். எங்கள் ஸ்பான்சர் ஒரு பட்டாசுக் கம்பெனி. தீபாவளி சீசன் வேறு. மேலாளர் சொன்னார், வெட்டினேன். டிவியில் முதல் வாக்கியம் மட்டும் வந்தது.

அடுத்த கூட்டத்தில், புருஷனைப் பறிகொடுத்த மாரியம்மாள் அவர்மேல் மண்ணை வாரித் தூற்றினார். பாஸ்டர் வாயே திறக்கவில்லை. காரில் ஏறியதும், "உண்மையைச் சொல்லியிருக்கலாமே" என்றேன். "யாரு வெட்டுனதுன்னு கேப்பாகல்லலே? ஒனக்குப் பிள்ளைக இருக்கு" என்றார்.

அதன்பிறகு ஆமத்தூரில் அவரை ஒரு வீடும் சேர்க்கவில்லை. முழுப் பேச்சும் என் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. வெளியே விட எனக்குத் துப்பில்லை, பாவி.

அடக்க ஆராதனையில் அதை முழுதாகப் போட்டேன். மேலாளர் எழுந்து வெளியே போய்விட்டார். என் வேலையும் அவரோடு போனது. மாரியம்மாளை நானே போய் அழைத்து வந்திருந்தேன். அவர் பாஸ்டரின் சவப்பெட்டியருகே வெகுநேரம் நின்று அழுதுவிட்டு என்னிடம் வந்தார்.

"நான் மண்ண வாரிப் போட்டப்ப நீங்களும் அங்கனதான நின்னீக?"

உங்களுக்கெல்லாம் பாஸ்டரின் பேச்சு நினைவிருக்கும். என்னிடம் இருப்பது அவர் பேசாமல் நின்ற அந்த நேரம்தான். ஆமாம் மாரியம்மா, பக்கத்தில்தான் நின்றேன். அவர் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டதுகூட நான்தான்.