ரவை பொறுக்கிய சனிக்கிழமைகள்

எவர்சில்வர் தட்டில் வெந்தயத்தைக் கொட்டினால் ஒரு சத்தம் வரும். மழை மாதிரி ஆரம்பித்து, மழை ஆவதற்குள் நின்றுவிடும். என் மனைவி வெந்தயத்தில் கல் பொறுக்க உட்காரும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். எனக்கு அது ஈய ரவைச் சத்தம். தஞ்சாவூரில், ஓட்டம் நின்றுபோன ரைஸ்மில் ஒன்றின் ஷெட்டில், சனிக்கிழமை முற்பகலில் கேட்ட சத்தம்.

அந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்துத்தான் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று ஏர் ரைஃபிள் பயிற்சி நடத்தியது. பத்து மீட்டர் தூரம், எதிர்ச் சுவரில் காகித இலக்கு, எங்கும் தவிட்டு வாசனை. நான் குடவாசல் தாலுகா ஆபீஸில் பட்டாவும் அடங்கலும் பார்க்கிறவன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்கப் பழகலாமே என்று அங்கே போய்ச் சேர்ந்தேன். அங்கே எனக்கு முன்பே ஒரு அம்மா பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார். வங்கி மேலாளர், நாகப்பட்டினத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். நின்றால் நின்றதுதான். மூச்சு விடுகிறாரா என்று பார்க்கத் தோன்றும்.

முதல் நாள், "கொஞ்சம் ரவை இருக்குங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"எதுக்கு சார், உப்புமாவுக்கா? பெல்லட்டுனு சொல்லுங்க. ரவைன்னா எனக்குப் பசிக்குது."

நான் கடைசிவரை ரவை என்றேதான் சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்.

மாநிலப் போட்டி வந்துகொண்டிருந்தது. அதில் தகுதி மதிப்பெண் எடுத்தால் தென்மண்டலப் போட்டிக்குப் போகலாம். அதற்குப் பிறகு அவருக்கு வடக்கே மாற்றல். போகிற ஊரில் பயிற்சிக் கூடமே கிடையாது. ஆகவே அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கையில் குறையில்லை, குறை ரவையில். ஒரே டப்பாவில் இருக்கிறவையே ஒன்றுக்கொன்று இம்மியளவு எடை மாறும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஏதோ ஒரு எடைதான் ஒத்துப்போகும். அதைத் தேடித்தான் இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் தட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்தோம். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடைவாரியாக மாத்திரை டப்பாக்களில் போடுவோம். பிறகு துப்பாக்கியை மேஜையில் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு எடையிலும் ஐந்து ஐந்தாகச் சுடுவோம். ஐந்தும் எவ்வளவு நெருங்கி விழுகிறதோ அவ்வளவு நல்ல ரவை.

டப்பா மேல் எடை எட்டுக் கிரெய்ன் சொச்சம் என்று போட்டிருந்தது. கிரெய்ன் என்றால் தானியம்தானே, நமக்குத் தெரியாத தானியமா என்று நான் பொன்னி நெல் எட்டு மணியை எண்ணித் தராசில் வைத்தேன். ரவையின் கால்பங்குதான் வந்தது. தராசு ரிப்பேர் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"சார், அது வெள்ளைக்காரன் தானியம். உங்க பொன்னியக் கொண்டுபோய் அதோட சண்டைக்கு விடுறீங்களே."

"அவன் ஊருல நெல்லு நாலு மடங்கு பெருசா மேடம்?"

"கோதுமையோ பார்லியோ. தாலுகா ஆபீஸ்ல இப்படித்தான் அளக்குறீங்களா? பாவம் ஜனங்க."

நான்காவது சனிக்கிழமை அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே களத்துக்குப் போனார். அடுத்த டப்பாவை எடுத்து நான் மட்டும் சுட்டேன். போய்ப் பார்த்தால் காகிதத்தில் ஒரே ஓட்டை. ஐந்தும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போயிருந்தன. ஒரு மிளகை வைத்தால் மூடிவிடலாம்.

தேடல் முடிந்துவிட்டது. அவரைக் கூப்பிட வேண்டும், வாய் வரவில்லை. கதவு வழியே பார்த்தேன். வெயிலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கால் விரலால் களத்துச் சிமெண்ட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் குடும்பம் இருந்தது, எனக்கும் இருந்தது. நான் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. இன்னொரு சனிக்கிழமை வேண்டும், அதற்குப் பிறகு இன்னொன்று. காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். நாலைந்து டப்பாக்களிலிருந்து கலந்து எடுத்துப் புதுக் காகிதத்தில் சுட்டேன். ஓட்டைகள் சிதறின.

அவர் வந்து பார்த்தார். "இதுவும் இல்லையா?"

"இல்லைங்க."

ஒரே ஓட்டை போட்ட அந்த டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த மூன்று வாரமும் இல்லாத ஒன்றைத் தேடினோம். ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்று விட்டார்கள், வழியெல்லாம் பச்சை. நான் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார முடியாத சந்தோஷத்தில். போட்டிக்கு, இருந்ததில் சுமாரான டப்பாவைக் கொண்டுபோனார். இரண்டு மதிப்பெண்ணில் தகுதி போயிற்று.

ஊரைவிட்டுப் போகிற அன்று மதியம், தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போயிருந்தேன். பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றார். அப்போதுதான் சொன்னேன். நான்காவது வாரமே கிடைத்துவிட்டது, நான்தான் மறைத்தேன் என்று. ஏன் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"ரெண்டு மார்க் சார்," என்றார்.

"தெரியும்."

கம்பியைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று பார்த்தேன். கோபம் இருந்தது, அது மட்டும் இல்லை. வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன், நடை வேகமாயிற்று.

"ஓடி வராதீங்க, விழுந்துருவீங்க," என்றார். "நாலாவது வாரமே சொல்லியிருந்தா, அஞ்சாவது வாரம் நான் என்ன காரணம் சொல்லிட்டு வந்திருப்பேன்?"