ஒரே கப்பலில் வந்த பெட்டிகள்

கொம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் நம் கெட்டித்தனம் பாதிதான், மீதி கரண்ட் போகாமல் இருப்பது. கல்முனையில் கடை வைத்திருந்த எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. இதே தொழிலில் கதிரை போட்டுக் குந்தியிருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எழுப்பிவிடுகிறவன்

சுனாமிக்குப் பிறகு திருக்கோவில் வரைக்கும் நிவாரணமாக ஒரே வகைக் கொம்பியூட்டர்கள் ஒரே கப்பலில் வந்திறங்கின. யுத்தம் முடிகிற காலத்தில் அவற்றின் டிஸ்க்குகள் பழுதாகத் தொடங்கின. கிடைக்கிற பெரிய புது டிஸ்க்கைப் போட்டால் மெசின் அதைக் கண்டுகொள்ளாது. கரண்ட் போட்டதும் மெசினை எழுப்பிவிடுகிறது பயோஸ் என்கிற சின்ன புரோகிராம். போர்டில் ஒரு சிப்பில் இருக்கும் அதைப் புதுப்பித்தால்தான் பெரிய டிஸ்க் தெரியும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் மெசின் மறுபடி எழும்பாது.

இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்ட வரிப்பத்தான்சேனை விவசாயி ஒருவர் கடைசியில் சொன்னார்: "கதிர் இன்னும் பயிர்ர வயித்துக்குள்ள இருக்கிற குடலப் பருவத்துல வாய்க்கால் தண்ணி நிண்ட மாதிரி எண்டு சொல்லுங்களன், விளங்கிரும்."

ஹாஜியாரின் உதவி

மருதமுனை சபீனா ராத்தாவின் மெசின் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அவருடைய மாப்பிள்ளைக்கு, அதாவது கணவருக்கு, சவூதியில் வேலை. மகள் தவழ்கிற காலத்தில் போனவர். இப்போது பிள்ளை நடக்கிறாள். வாரத்துக்கு ஒருதரம் கெமராவில் பார்ப்பதுதான் அவருக்கு ஆறுதல். புது டிஸ்க்கைப் பூட்டி, மெசினை யூபிஎஸ்ஸில் போட்டு, பயோஸை எழுதவிட்டு, ஜும்ஆத் தொழுகைக்குக் கை, கால், முகம் கழுவி உளூ எடுக்கப் பின்பக்கம் போனேன்.

பக்கத்துப் புடவைக்கடை ஹாஜியார் பள்ளிக்குப் போகுமுன் எங்கள் வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்குமான மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் போவார். ஒருதரம் வயர் எரிந்த பயம். அது எனக்குத் தெரியும், அதற்குத்தானே யூபிஎஸ். ஆனால் கரண்ட் நின்றதும் யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. முகம் துடைத்துக்கொண்டு வந்தால் கடைக்குள் ஒரே அமைதி. மெசின் முன்னால் ஹாஜியார் நின்றார்.

"பள்ளியில குத்பாப் பிரசங்கம் தொடங்கப் போகுது, உங்கட பெட்டி கத்திக் கிடக்கு. நான்தான் அமத்தி நிப்பாட்டினன்."

ராத்தாவிடம் சொன்னபோது

யூபிஎஸ் நின்றதால் பாதி எழுத்தில் செத்த அந்தப் போர்டு மாதிரி இன்னொன்று கடைகளில் கிடையாது. கடைக்கு வந்த ராத்தாவிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் இடுப்பில் இருந்த பிள்ளையைக் கீழே விட்டார். அது நேராக நடந்துபோய் மெசினைத் தட்டியது, வாப்பா அதற்குள்தான் இருக்கிறார் என்கிற மாதிரி. ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"மெசின் மௌத்தாப் போச்செண்டு, புருசன் செத்த மாதிரி இத்தா இருக்க ஏலா தம்பி. எழுப்புற வழியப் பாருங்க."

கழற்றிய மூளை

வழி ஒன்று இருந்தது. அதே வகை மெசின் ஒன்றை ஓடவிட்டு, ஓடும்போதே அதன் சிப்பைக் கழற்றி, செத்த சிப்பை அந்த இடத்தில் வைத்து எழுதலாம். கை தவறினால் இரண்டும் போகும். பாண்டிருப்பு சிவம் மாஸ்டரிடமும் ஒரு நிவாரண மெசின் இருந்தது. ஆபத்தை மறைக்காமல் சொல்லித்தான் கேட்டேன். மறுநாளே சைக்கிள் கரியரில் கட்டி, செக் பொயின்டில் மூடியைக் கழற்றிக் காட்டி, கொண்டுவந்துவிட்டார். பயத்தைவிட அவருக்குப் புதினம் பார்க்கும் ஆசைதான் கூட. ஹாஜியாரோ கடையைப் பாதி சாத்திவிட்டு மெயின் சுவிட்சுக்குக் காவல் நின்றார், அதில் ஈ, இலையான் உட்காரவும் விடவில்லை.

சிப்பைக் கழற்றினேன். மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. எழும்பிய பிறகு அது சிப்பைத் தேடுவதில்லை என்று மாஸ்டருக்கு விளக்கினேன். செத்த சிப்பில் எழுதி முடித்து, அவரவர் சிப்பை அவரவர் போர்டில் பூட்டிப் போட்டால், இரண்டும் எழும்பின. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூளையக் கழட்டியும் ஓடுற ஆக்கள எனக்கு முன்னமே தெரியும், மெசின இப்பதான் காணுறன்."

வெள்ளி பின்னேரம்

அடுத்த வெள்ளி மெசினை ராத்தா வீட்டில் பூட்டிக் கொடுத்தேன். கெமராவில் மாப்பிள்ளையின் முகம் வந்தது. குரல் கேட்டதும் பிள்ளை ஓடிவந்து மூக்கைக் கெமராவில் ஒட்டிக்கொண்டது. ராத்தா இழுக்க இழுக்க மறுகாவும் கிட்டவே வந்தது. சவூதியிலிருந்து மாப்பிள்ளை கெஞ்சினார்:

"அங்கால போங்க மகள். கிட்ட வந்தா நீங்க நடக்கிறது வாப்பாக்குத் தெரியுதில்ல."

பயோஸ் மாற்ற ஒரு யூபிஎஸ்ஸும், வெள்ளியல்லாத ஒரு நாளும், அதே கப்பலில் வந்த இன்னொரு பெட்டியும் போதும், ஹாஜியார் மட்டும் சுவிட்சுக்குச் சரியான பக்கத்தில் நிற்க வேண்டும்.