சிவந்துபோன நான்கு தாள்கள்

மஞ்சள் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் கல்லா கண்முன் வரும். போன வாரம், மலேசியாவில் மூன்று மாதப் பயிற்சிக்குத் தேர்வாகியிருப்பதாகச் செய்தி வந்தபோது, சந்தோஷத்துக்கு முன்னால் அந்த வாசனைதான் வந்தது. கூடவே, இத்தனை வருடம் துணியாத ஒன்றைச் செய்துபார்த்தால் என்ன என்ற எண்ணமும்.

எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளிச் சிலம்பக் குழு அதே மலேசியாவுக்குப் போனது. டிக்கெட் செலவை ஊரில் வசூல் செய்து கொடுத்தார்கள். "கைச்செலவு" மட்டும் அவரவர் பொறுப்பு. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் அம்மா, இருந்த ஒரே ஆட்டை விற்று, பி.டி. மிஸ் மூலம் சென்னையில் மாற்றிய நான்கு ஐம்பது ரிங்கிட் தாள்களைச் சாமி படத்தின் முன் வைத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் குழைத்த மஞ்சளைத் தொட்டுவைத்து, என் "உள்பாவாடை" மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள்.

"குளிச்சாலும் தூங்கினாலும் இத்த அவுக்காத. ஆட்டத்துல தோத்துக்கினு வா, ஒண்ணும் கேக்க மாட்டேன். பணத்தத் தொலச்சுக்கினு வந்த, வூட்டுல சேக்க மாட்டேன்."

அந்தச் சொல்லுக்குப் பயந்து, விடுதிக் குளியலறையிலும் பம்புசெட்டில் குளிப்பதைப் போல உள்பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டே சோப்புப் போட்டேன். "இன்னாடி, பாவாடைய வுட்டுப் பிரிய மாட்டியா? தாலி கட்டிக்கிச்சா?" என்று கூட வந்த செல்வி சிரித்தாள்.

மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குப் போகுமுன் தையலைப் பிரித்தேன். மஞ்சள் வைத்த மூலைகளெல்லாம் ரத்தம் தோய்ந்ததைப் போலச் சிவந்திருந்தன. காய்ந்தால் போய்விடும் என்று மடித்து வைத்துக்கொண்டு, செல்வியோடு ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறும் எலுமிச்சை ஜூஸும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினேன்.

கல்லாவில் இருந்த பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. காவலாளி வந்து என் பக்கத்தில் நின்றார். பணம் எடுக்கும் இயந்திரத்தை உடைத்தால் உள்ளிருக்கும் சிவப்பு மை தாள்களில் கொட்டிவிடுமாம்; இது திருட்டுப் பணமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இன்னும் இருக்கிறதா என்றார். மற்ற மூன்றையும் எடுத்துக் காட்டினேன், அவையும் சிவப்பு. அவர் போனை எடுத்தார். எங்களோடு வந்திருந்த பி.டி. மிஸ்ஸைத் தேடிச் செல்வி ஓடினாள். போலீஸ், பாஸ்போர்ட், தெரியாத ஊர்ச் சிறை, ஏர்போர்ட் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத அம்மா, எல்லாம் ஒரே மூச்சில் கண்முன் ஓடின.

அப்போது என் காலி டம்ளரின் அடியில் கிடந்த எலுமிச்சைத் துண்டின்மேல் கண் விழுந்தது. ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மஞ்சள் தடவிய காகிதத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துச் சிவக்க வைத்தோம். எலுமிச்சையை விட்டதும் பழையபடி மஞ்சளானது. அந்தத் துண்டை எடுத்துத் தாளின் மூலையில் பிழிந்தேன். சிவப்பு மெல்லக் கரைந்து மஞ்சளானது. காவலாளி அடுத்த தாளை அவரே நீட்டினார். அதுவும் மஞ்சளானது. முகர்ந்து பார்த்தார், போனைப் பைக்குள் வைத்தார்.

ஆனாலும் கறைத்தாளை வாங்கமாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். ஓடிவந்த மிஸ்தான் காசு கொடுத்தார். அதன்பிறகு அந்தத் தாள்களை வெளியே எடுக்கவே எனக்குக் கை வரவில்லை.

நான்கையும் அப்படியே திருப்பிக் கொடுத்தபோது அம்மா தெருவெல்லாம் சொன்னாள்: "ஒரு பைசா கொறையில பாரு! எம் பொண்ணு கெட்டி." நடந்ததை நான் சொல்லவே இல்லை.

இப்போது பணம் போனுக்குள் இருக்கிறது. அம்மாவின் ஊசிக்குத் தைக்க மடிப்பு இல்லை. அந்த நான்கு தாள்கள் மட்டும் அவள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. கிளம்புமுன் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டு அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறேன். அந்த ஊர் வங்கி ஒன்றில், கறையோடு செல்லுமா என்று கேட்டு, கவுண்டர்மேல் நானே வைத்துப் பார்க்கப்போகிறேன், பக்கத்தில் அரை எலுமிச்சையோடு.